பஃபருக்குத் தமிழில் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

பேட்டை வாத்தியார் எழுதியது:

அன்பர்களே, பாலிடெக்னிக் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் ஒருவழியாக முடிந்து பஃபரில் வந்து நிற்கிறது. தரவு ஒரு வேகத்தில் வருகிறது, அதை வாங்கும் நிரல் வேறொரு வேகத்தில் வாங்குகிறது. நடுவே கொஞ்ச நேரம் வைத்திருக்க ஒதுக்கிய நினைவகம்தான் பஃபர். அகராதியில் 'இடையகம்' என்று இருக்கிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "இடையன்குடி பக்கமா சார்?" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது. வேறு நல்ல சொல் இருந்தால் கொடுங்கள். அது நிரம்பி வழியும் பஃபர் ஓவர்ஃபுளோவுக்கும் சேர்த்து.

தென்காசித் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, இடையன்குடி என்றதும் மனம் கால்டுவெல்லிடம் போய்விட்டது. 1856இல் ஒப்பிலக்கணம் தந்தவர் வாழ்ந்த ஊரை உங்கள் பையன் கேலிக்காவது நினைத்தானே, வாழ்க.

இடையகம் எனக்கும் பிடிக்கவில்லை. நூலகம் என்றால் நூல் இருக்குமிடம், மருந்தகம் என்றால் மருந்து. இடையகத்தில் என்ன இருக்கிறது, இடையா? வேதியியல் பாடநூலில் 'தாங்கல் கரைசல்' என்று வெகுகாலமாக இருக்கிறது. கொஞ்சம் அமிலமோ காரமோ விட்டாலும் பி.எச். மதிப்பு சட்டென்று மாறாமல் அது தாங்கிக்கொள்ளும். ரயில் பெட்டிகள் முட்டும்போது அதிர்ச்சியைத் தாங்குவதும் பஃபர்தான். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் ஊர்ப்பெயர்களில் தாங்கல் என்றால் ஏரி. ஆக அதிர்ச்சியையும் தாங்கும், நீரையும் தாங்கும், தரவையும் தாங்கும். 'தாங்கல்' என்றே அச்சிடுங்கள். 'பஃபர்' என்று ஆய்தத்தைப் போட்டு எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள், கண் கூசுகிறது.

வள்ளியூர்க்காரி (இப்போது சென்னை, நிரல் எழுதும் வேலை) எழுதியது:

ஐயா, நம்மூரில் தாங்கல் என்றால் முதலில் மனத்தாங்கல்தான் நினைவுக்கு வரும். 'வீடியோ தாங்கலில் இருக்கிறது' என்றால் அதற்கும் நமக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஆகிவிடும்! வீடியோ பஃபராகி நின்றால் பிள்ளைகள் "சுத்துது சார்" என்பார்கள். அதுவே தெளிவாக இருக்கிறது.

ஆய்தம் பற்றி ஒன்று. குற்றெழுத்துக்குப் பின்னால், உயிரேறிய வல்லினத்துக்கு முன்னால் வருவதுதானே ஆய்தம்? எஃகு, அஃது, பஃபர். மூன்றும் ஒரே வாய்பாடு. சொல்லின் முதலிலேயே ஆய்தம் போடும் ஃபேனைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். பஃபர் பாவம், இலக்கணப்படி நடக்கிற பிள்ளை. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியரே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

தென்காசித் தமிழாசிரியர் எழுதியது:

வாய்பாடு சரி அம்மா, ஒலி? பஃபரை எஃகு போலவா உச்சரிக்கிறீர்கள்?

அம்பை விவசாயி எழுதியது:

ஐயாவுக்கும் தங்கச்சிக்கும் வணக்கம். தாங்கல், ஏரி எல்லாம் வடக்கே. நமக்குக் குளம். வாத்தியார் எழுதியதைப் படித்ததும் இவர் குளத்தைத்தானே சொல்கிறார் என்று பட்டது.

ஆற்றில் வெள்ளம் வந்தால் ரெண்டு நாளில் கடலுக்குப் போய்விடும். நெல்லுக்கோ மாதக்கணக்கில் தண்ணீர் வேண்டும். ஆறு நம் வேகத்துக்கு வராது, பயிர் ஆற்றின் வேகத்துக்குக் குடிக்காது. அதனால்தான் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் என்று வெட்டி, வழியெல்லாம் குளம் குளமாக நிறைத்தார்கள். வருவது கால்வாயில், வேண்டியபோது விடுவது மடையில், மிஞ்சினால் போவது மறுகாலில். பஃபர் குளம், ஓவர்ஃபுளோ மறுகால். முடிந்தது வேலை.

வள்ளியூர்க்காரி எழுதியது:

அண்ணாச்சி, படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ரெண்டு சிக்கல். எங்கள் துறையில் 'pool' என்று வேறொன்று உண்டு. தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்தித் திருப்பி வைக்கிற பொதுச் சேமிப்பு அது. அதைச் சிலர் ஏற்கெனவே குளம் என்று எழுதுகிறார்கள்.

ரெண்டாவது பெரிசு. மறுகால் என்பது குளம் கட்டியவன் முன்கூட்டி யோசித்து வைத்த வழி. ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. பஃபர் ஓவர்ஃபுளோவில் அப்படி வழியே கிடையாது. அளவு பார்க்காமல் எழுதினால் மிஞ்சியது பக்கத்து நினைவகத்தில் இருப்பதை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். 1988இல் இணையத்தில் தானாகப் பரவிய மாரிஸ் புழு என்ற நிரல் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. இது மறுகால் இல்லை அண்ணாச்சி, 2023 டிசம்பரில் பார்த்தோமே, அந்த வெள்ளம்.

அம்பை விவசாயி எழுதியது:

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. எந்த மறுகால் தாங்கும்? தங்கச்சி சொல்வது நியாயம். மறுகாலை வாபஸ் வாங்குகிறேன். கரைக்கு மேலே தண்ணீர் ஏறிப் போவதைக் 'கரைமீறல்' என்று வையுங்கள். மறுகாலையும் வீணாக்க வேண்டாம், மிஞ்சுவதை ஒழுங்காக வேறு இடத்துக்கு அனுப்பும் நிரல் இருந்தால் அதற்குக் கொடுங்கள். குளத்தை விட மாட்டேன்.

தென்காசித் தமிழாசிரியர் எழுதியது:

கரைமீறல் அருமை. மறுகாலில் உள்ள 'கால்' பற்றி யாரும் பேசவில்லையே! காற்றும் கால், வாய்க்காலும் கால், நடப்பதும் கால். ஓடுவதெல்லாம் கால் என்று கொண்டால், நாற்றங்கால் மட்டும் ஏன் நின்ற இடத்தில் நிற்கிறது? தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

பேட்டை வாத்தியார் எழுதியது:

ஐயா, தனி மடலிலேயே எழுதுங்கள். மணி பதினொன்று ஆகிறது.

தனியாக எழுதியவர்களையும் சேர்த்து எண்ணினால் இடையகத்துக்கு நாலு பேர், தாங்கலுக்கு ரெண்டு, குளத்துக்கு அண்ணாச்சி ஒருவர். நாலில் மூன்று பேர் 'வேறு வழியில்லாமல்' என்று எழுதியிருக்கிறார்கள். குறிப்பில் முதல்முறை வருமிடத்தில் 'பஃபர் எனும் இடையகம்', அப்புறம் வெறும் இடையகம். ஓவர்ஃபுளோவுக்குக் கரைமீறல். விளக்கப் பத்தியில் அண்ணாச்சியின் குளத்தை அப்படியே போட்டுக்கொள்கிறேன்.

அம்பை விவசாயி எழுதியது:

போட்டுக்கொள்ளுங்கள். இடையகத்துக்கு என் சம்மதம் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்தாச்சு, நாற்றங்கால் வேலை கிடக்கிறது. பத்து நாளைக்கு மடல் பார்க்க மாட்டேன். அதற்குள் குளத்தைத் தூர்த்துவிடாதீர்கள்.