அருவிச் சுற்றுப்பாதை: இறங்கும்போது மட்டும் முட்டி வலி

அருவி வரை ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கும்போதுதான் வலது முட்டியின் வெளிப்பக்கம் ஊசி குத்துவது போல வலிக்கிறது. நான்கு மாதமாக இதே கதை.

பாதை 11 கிலோமீட்டர் சுற்று. முதல் 7 கிலோமீட்டர் காட்டுக்குள் மெல்ல ஏறி அருவிக்குப் போகும். ஏறிய 600 மீட்டரையும் மீதி 4 கிலோமீட்டரில் இறங்கியாக வேண்டும், அதுவும் வேரும் ஈரப் பாறையுமாகக் கிடக்கும் வழியில். இருபது நிமிடத்தில் வலி வந்துவிடும். காலை விறைப்பாக நீட்டி வைத்தால் ஒன்றுமில்லை. முட்டியை லேசாக மடக்கி எடையைப் போட்டதும் சுரீர் என்கிறது. போன தடவை நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்கினேன். சமதளத்துக்கு வந்து அரை மணியில் சரியாகிவிடும். வீக்கம் இல்லை.

மருத்துவரிடம் காட்டினேன். எக்ஸ்ரேயில் கோளாறு இல்லை, இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முட்டிக்குக் கீழே வரை ஓடும் ஐடி பட்டையில்தான் பிரச்சினை என்றார். ஆறு வாரம் ஓய்வு, இடுப்புத் தசைப் பயிற்சி, எல்லாம் ஆயிற்று. முட்டி உறை போட்டதில், அது வியர்வையில் வழுக்கிக் கெண்டைக்காலுக்கு வந்ததுதான் மிச்சம். ஊன்றுகோல் இரண்டும் கொஞ்சம் உதவின. புது ஷூவால் பலனே இல்லை.

அடுத்த முறை சுற்றைத் தலைகீழாக நடக்கலாமா என்று பார்க்கிறேன். இதே வலியோடு அப்படிப் போனவர்கள் சொல்லுங்கள்: 7 கிலோமீட்டர் மெதுவான இறக்கம் முட்டிக்குத் தேவலையா, அல்லது குறுகிய செங்குத்து இறக்கமே மேலா?