காட்டு நடையில் பதுங்கும் நாய்கள்: கயிறு எவ்வளவு நீளம், எப்போது கூப்பிடுவது?

வரப்புநடை:

இரண்டு நாய்கள். ஒன்று ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், 4 வயதுப் பெட்டை, 26 கிலோ. மற்றது பார்டர் கோலி, 2 வயது ஆண், 18 கிலோ. மரங்களுக்குள் நுழைந்ததும் பாயிண்டர் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி அசையாமல் நின்றுவிடும். கோலி தலையைத் தாழ்த்திப் பம்மிப் பம்மிப் போகும். முயலோ மானோ அசைந்தால் இரண்டும் பாய்ந்துவிடும், கூப்பிடுவது காதிலேயே விழாது.

பதுங்குவதை அடக்க விருப்பமில்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. துரத்துவது மட்டும் நிற்க வேண்டும். கயிறு எவ்வளவு நீளம், எங்கே மாட்டுவது? உறைந்து நிற்கும்போது கூப்பிடலாமா? இரண்டையும் ஒருவரே கூட்டிப்போக முடியுமா? விசில் உதவுமா?

மோப்பக்காரன்:

இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

வேட்டை என்பது ஒரு தொடர்: தேடுதல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல். மனிதர்கள் இனம் பெருக்கும்போது இதில் சில படிகளை வளர்த்தார்கள், சிலவற்றைச் சுருக்கினார்கள். பாயிண்டரில் உறைந்து நிற்பது பெரிதாக்கப்பட்டது. கோலியில் உற்றுப் பார்த்தலும் பதுங்கலும் வளர்ந்தன, கவ்வுதல் குறைந்தது. கிரேஹவுண்ட், சிப்பிப்பாறை போன்றவற்றில் துரத்தல்தான் முதன்மை. உங்கள் இரண்டுக்கும் பதுங்குவதே பரிசு. அதைப் பறிக்காமல், பதுங்கலுக்கும் துரத்தலுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம் வைத்தால் போதும்.

நாய் உறைந்ததும் நீங்களும் நில்லுங்கள். கயிற்றை இறுக்காதீர்கள், இழுபட்டால் முன்னால் தள்ளத்தான் தோன்றும். தாழ்ந்த குரலில், இழுத்து, "சபா...ஷ்" என்று சொல்லுங்கள். உற்சாகமாகக் கத்தினால் அதுவே பாய்வதற்கான சைகையாகிவிடும். பார்க்க விடுங்கள். சில நொடிகளில் ஒரு காது பின்னால் திரும்பும், அல்லது மூச்சு விடும், அல்லது தலை உங்கள் பக்கம் லேசாக வரும். அந்தக் கணத்தில் பரிசு.

பரிசை வாயில் கொடுக்காதீர்கள். பதுங்கும் மனநிலையில் உள்ள நாய் பெரும்பாலும் தின்னாது, துப்பிவிடும். இறைச்சித் துண்டை உங்களுக்குப் பின்பக்கம் தரையில் உருட்டி விடுங்கள், துரத்திப் பிடிக்கட்டும். அல்லது நாலைந்து துண்டுகளைப் புல்லில் சிதறுங்கள், மோந்து தேடட்டும். வேட்டை பாதியில் அறுந்துபோகாமல் வேறு பக்கம் திரும்புகிறது.

உடல் எடை பின்னங்கால்களுக்கு இறங்குவது, திறந்திருந்த வாய் மூடுவது, மூச்சு நிற்பது மூன்றும் சேர்ந்தால் பாயப்போகிறது என்று அர்த்தம். அப்போது பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கேட்காத நேரத்தில் திரும்பத் திரும்பச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே போய்விடும். பேசாமல் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுருக்கி, வளைவாக நடந்து தூரத்தைக் கூட்டுங்கள். அடுத்த முறை அதைவிடத் தள்ளி நின்று தொடங்குங்கள்.

நாடாமுடிச்சு:

கயிறு பத்தி மட்டும் சொல்றேன். ஒரு ஆள், ஒரு நாய், மரங்களுக்கு நடுவுல பாதைன்னா 10 மீட்டர் சரி. புதர் அடர்த்தியா இருந்தா 5 மீட்டர். 15 மீட்டர் திறந்த வெளிக்குத்தான். மரங்களுக்குள்ள அது சுத்திச் சிக்கிக்கும், சுருக்கிப் பிடிக்கவும் நேரம் ஆகும்.

பிளாஸ்டிக் பூச்சு போட்ட நாடா வாங்குங்க, பயோதேன் வகை. உங்க நாய்ங்களோட எடைக்கு 13 மில்லிமீட்டர் அகலம் போதும். பருத்தி நாடா ஈரத்தை உறிஞ்சிக் கனத்துப் போயிடும். சுருள்பெட்டிக் கயிறு (பெட்டிக்குள்ள தானாச் சுருண்டு நீளுறது) மட்டும் வேண்டவே வேண்டாம்: மெல்லிசு, தோலை அறுக்கும், எப்பவும் இழுத்துக்கிட்டே இருக்கிறதால இழுத்தாத்தான் தூரம் கிடைக்கும்னு நாய் கத்துக்கும்.

மாட்ட வேண்டியது ஹார்னஸோட (மார்பையும் முதுகையும் சுத்தி மாட்டுற வார்) முதுகு வளையத்துல. மார்புல ஒய் வடிவம், தோள்பட்டை தடையில்லாம அசையணும். நீளக் கயிறைக் கழுத்துப்பட்டையில மாட்டக்கூடாது; 26 கிலோ நாய் 10 மீட்டர் ஓடி வேகம் எடுத்து நின்னா அந்த அதிர்ச்சி முழுக்கத் தொண்டைக்குப் போகும். மூக்கைச் சுத்தி மாட்டுற தலைப்பட்டைன்னா இன்னும் மோசம், கழுத்து திருகிக்கும்.

கையுறை போடுங்க. விரல்லயோ மணிக்கட்டுலயோ சுத்தாதீங்க. கைப்பிடி முனையிலிருந்து 2 மீட்டர்ல ஒரு முடிச்சு போட்டு வைங்க, கயிறு ஓடும்போது முடிவு நெருங்குதுன்னு பார்க்காமலே கைக்குத் தெரியும். தரையில இழுத்துக்கிட்டுப் போக விடுறதா இருந்தா கைப்பிடி வளையத்தை வெட்டிடுங்க, வேர்ல மாட்டும்.

ரெண்டு நாய், ஒரு ஆள்: ஒன்னு நீளக் கயிறுல, இன்னொன்னு 2 மீட்டர்ல. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. ரெண்டும் நீளக் கயிறுல இருந்தா, ஒன்னு பாஞ்சதும் மத்தது பார்க்காமலே கூடப் பாயும். ஒவ்வொன்னும் தனியா இதைக் கத்துக்கிற வரைக்கும் தனித்தனியாக் கூட்டிட்டுப் போறதுதான் உத்தமம்.

வரப்புநடை:

நன்றி. மின்கழுத்துப்பட்டை (மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டை) போட்டால் சீக்கிரம் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். அது பற்றி?

மோப்பக்காரன்:

வேண்டாம். வலி வரும் நொடியில் கண்ணில் படுவது எதுவோ அதோடு நாய் அதை முடிச்சுப் போட்டுவிடும்: மான், பக்கத்தில் நிற்கும் கோலி, எதிரே வரும் குழந்தை, எதுவாகவும் இருக்கலாம். தவிர, துரத்தலின் வெறியில் வலியே உறைக்காத நாய்களும் உண்டு, அப்போது ஆள் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்.

எதிர்க்காற்று:

விசில் உதவும், உள்ளே உருளும் சிறு உருண்டை (பட்டாணி) இல்லாத, சுருதி மாறாத வகையாக இருந்தால். அக்மே நிறுவனத்தின் விசில்கள் 210.5, 211.5 என எண் போட்டு வருகின்றன. தொலைந்தாலும் அதே எண்ணில் வாங்கினால் அதே ஒலி கிடைக்கும். நீளமாக ஒரு ஊதல் நிற்பதற்கு, குட்டையாக நாலைந்து திரும்பி வருவதற்கு. வீட்டில் உணவுத் தட்டை வைக்கும் முன் குட்டை ஊதல்களில் தொடங்குங்கள். பிறகு காலி மைதானம். காடு கடைசியில்தான்.

பலரும் கவனிக்காதது காற்று. எதிர்க்காற்றில் மோப்பம் முன்னிருந்து வரும், பாயிண்டர் இடமும் வலமுமாக மாறி மாறி ஓடித் தேடும், அடிக்கடி உறையும். பக்கக் காற்றில் காற்று வரும் பக்கமாகவே இழுக்கும். பின்காற்றில் முன்னால் இருப்பது மூக்குக்கு எட்டாது. அவிழ்த்துவிட்ட நாய் வெகுதூரம் ஓடி, அங்கிருந்து உங்களை நோக்கித் தேடி வரும். கயிற்றில் இருக்கும் நாய்க்கு அது முடியாது. உங்கள் வாடையும் முன்னே போய் விலங்குகளை நகர்த்திவிடும். ஆகவே பாயிண்டருக்குப் பயிற்சியின் தொடக்கத்தில் பின்காற்று எளிது.

கோலிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதை இழுப்பது அசைவு. சைக்கிளையும் ஓடுபவரையும்கூட அப்படித்தான் பம்மும். வளைவுகளில் கயிற்றை முன்கூட்டியே சுருக்குங்கள்.

முயலும் மானும் விடியலிலும் அந்தியிலும் அதிகம் நடமாடும், நடுக்காலை நல்லது. பறவைகள் தரையில் கூடு வைக்கும் பருவத்தில் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். நாய் கவ்வவே வேண்டியதில்லை, அருகில் நின்று முறைத்தாலே தாய்ப்பறவை எழுந்து போய்விடும், முட்டை ஆறிவிடும்.

நாடாமுடிச்சு:

ஒன்னு விட்டுப்போச்சு. திரும்பி வந்ததும் காது மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்க. உண்ணி இருந்தா மெல்லிய நுனி இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா, நிதானமா இழுங்க. எண்ணெய் தடவுறது, சூடு வைக்கிறது எதுவும் வேண்டாம். விரலிடுக்குல புல்லோட முள்விதை குத்தியிருந்தா அன்னைக்கே எடுத்துடுங்க, விட்டா உள்ளேயே ஏறிப்போய்ச் சீழ் வைக்கும்.