எஞ்சின் சூடானால் நின்றுவிடும் 1986 பிரீமியர் பத்மினி: குறை பெட்ரோலிலா, ஸ்பார்க்கிலா?

கேள்வி: மேட்டுப்பாளையம்_ரோடு

வணக்கம். என்னிடம் இருப்பது 1986ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், சோலெக்ஸ் கார்புரேட்டர், பாயிண்ட்டும் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை மூடித் திறக்கும் தொடுமுனை) கண்டன்சரும் உள்ள பழைய டிஸ்ட்ரிபியூட்டர் என எல்லாம் ஆதியில் வந்த அமைப்பிலேயே இருக்கின்றன. காலையில் சோக் இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. நெடுஞ்சாலையில் காற்றோட்டத்துடன் ஓடும்போதும் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் கோவை நகருக்குள் நண்பகல் நெரிசலில் அரை மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்து சென்றால் எஞ்சின் நின்றுவிடுகிறது. அதன்பின் ஸ்டார்ட்டர் சுற்றினாலும் எஞ்சின் பிடிப்பதில்லை. பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் ஓடத் தொடங்குகிறது.

ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. வெப்பமானி முள்ளும் பாதியைத் தாண்டுவதில்லை. ஒரு மெக்கானிக் இது ஏர்லாக் (பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வது) என்று சொல்லி, டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் ஏ.சி. பம்ப்புக்குப் புதிய கிட் போட்டார். இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலும் சென்ற ஆண்டு மாற்றியதுதான். இப்போது எலக்ட்ரிக் பம்ப் பொருத்தினால் தீரும் என்கிறார்கள். அந்தச் செலவுக்கு முன் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஈரோடு_ஃபியட்

வணக்கம் ஐயா. இன்னொரு பொருளை வாங்குவதற்கு முன், வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்களை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆறிய வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவரால் ஊகிக்கத்தான் முடியும். குறை உயிரோடு இருப்பது சூட்டில் மட்டுமே.

முதலில், அது எப்படி நின்றது என்பதைக் கவனியுங்கள். முக்கி முனகி, இழுவை குறைந்து, ஆக்சிலேட்டரை அழுத்தினால் தடுமாறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். சாவியைத் திருப்பி அணைத்தது போலச் சட்டென்று நின்றால் ஸ்பார்க் பக்கம். இது இறுதித் தீர்ப்பு அன்று, எங்கே தொடங்குவது என்பதற்கான குறிப்பு மட்டுமே.

அடுத்து, ஏர் கிளீனர் மூடியை எடுத்துவிட்டு, எஞ்சின் அணைந்திருக்கும்போதே த்ராட்டில் கம்பியைக் கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கார்புரேட்டரின் தொண்டைக்குள் பெட்ரோல் கோடாகப் பீய்ச்சியடித்தால் மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறது என்று பொருள். அப்போது ஏர்லாக் என்ற பேச்சையே ஒதுக்கி வைக்கலாம். அதைப் பார்த்த பிறகு ஏர் கிளீனரை மூடி, பெட்ரோல் வாடை அடங்கியதும், ஒரு பழைய பிளக்கை ஒயரின் நுனியில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினோடு இறுகக் கட்டி வைத்து, கார்புரேட்டரிலிருந்து தள்ளி, வேறொருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். திறந்த கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஸ்பார்க் பார்ப்பது தீ விபத்துக்கு வழி.

ஈரத்துணி வைத்துச் சோதிப்பதானால் ஒரு நேரத்தில் ஒரு பொருளின் மீது மட்டும் வையுங்கள். பம்ப்பின் மீதும் காயிலின் மீதும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றினால் வண்டி கிளம்பிவிடும், எதனால் கிளம்பியது என்பது தெரியாமலே போய்விடும்.

பதில்: சோலெக்ஸ்_பிரியன்

மேலே சொன்ன முறை சரியானதே. எனினும் பெட்ரோல் பக்கத்தை அவ்வளவு எளிதில் விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. நம் வண்டிகளில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது. டேங்க் பின்னால் இருக்கிறது. ஆகவே நீண்ட குழாய் முழுவதிலும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால், ஏற்கெனவே சூடான பெட்ரோல் அங்கே இன்னும் எளிதாக ஆவியாகிறது. ஆவியை இந்த டயஃப்ரம் பம்ப்பால் தள்ள முடியாது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தனியாக 78 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும் என்றாலும், பெட்ரோலோடு சேரும்போது அந்தக் கலவையின் ஒரு பகுதி அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடுகிறது. அதோடு, பழைய ரப்பர் ஹோஸ்களை அது இளக்கியும் விடுகிறது. டேங்க்குக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ள ஹோஸில் நூல் அளவு வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே நனைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு அது அகப்படாது.

இன்னொன்று, வண்டியை நிறுத்திய பிறகு மிதவை அறையிலுள்ள பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்துவிடுவது. இதில் பெட்ரோல் போதாமை இல்லை, மிகுதி. வாடை தூக்கலாக அடிக்கும். அப்போது ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், முழுவதுமாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த வெப்பத் தடுப்புத் துண்டை யாராவது எடுத்துவிட்டு வெறும் கேஸ்கட் போட்டிருந்தாலும் இந்தத் தொல்லை வரும்.

டேங்க் மூடியையும் பாருங்கள். வண்டி நின்றவுடன் அதைத் திறக்கும்போது புஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது.

மறுமொழி: மேட்டுப்பாளையம்_ரோடு

இருவருக்கும் நன்றி. நேற்று வேண்டுமென்றே நண்பகலில் காந்திபுரம் பக்கம் ஓட்டிச் சென்றேன், வண்டியும் ஏமாற்றவில்லை. எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சட்டென்றுதான் நின்றது. கார்புரேட்டரில் பெட்ரோல் நன்றாகப் பீய்ச்சியது. டேங்க் மூடியில் சத்தம் இல்லை. பழைய பிளக்கில் ஸ்பார்க் அறவே வரவில்லை. காயிலைத் தொட்டேன், ஒரு நொடிகூடக் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. அதன் மீது மட்டும் ஈரத்துணி சுற்றிச் சிறிது நேரம் காத்திருந்ததும் ஸ்பார்க் திரும்பியது. ஆனால் இந்தக் காயிலுக்கு ஒரு வயதுதான் ஆகிறது. புதிய காயில் அதற்குள் கெட்டுப்போகுமா?

பதில்: ஈரோடு_ஃபியட்

கெட்டுப்போகும், அந்த வண்டிக்கு உரியதல்லாத காயிலாக இருந்தால். 12 வோல்ட் காயில்களில் இரண்டு வகை உண்டு. பலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் தனி மின்தடை) இல்லாத வண்டிகளுக்கான காயிலின் பிரைமரி ரெசிஸ்டன்ஸ், அதாவது இரண்டு சிறிய முனைகளுக்கு இடையிலான மின்தடை, ஏறத்தாழ 3 ஓம். பலாஸ்ட் உள்ள வண்டிகளுக்கானது ஏறத்தாழ 1.5 ஓம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், கடையிலும் ஒரே அலமாரியில் இருக்கும். பலாஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்போது 4 ஆம்பியருக்குப் பதிலாக 8 ஆம்பியர் வரை பாயும். வேகமாக ஓடும்போது பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் மிகச் சிறியது. மின்னோட்டம் முழு அளவை எட்டுவதற்குள் திறந்துவிடும். ஐட்லிங்கில் நிற்கும்போது அந்த நேரம் நீள்கிறது, காற்றோட்டமும் இருப்பதில்லை. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி நெரிசலில் மட்டும் நிற்பதற்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது.

வண்டி ஆறியபின் காயிலின் இரண்டு சிறிய முனைகளிலிருந்தும் ஒயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பிறகு ஒயர்களை மாட்டி, பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு, சுவிட்ச்சிலிருந்து வரும் முனையில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரி வோல்டேஜ் ஏறத்தாழ அப்படியே வந்தால் வழியில் பலாஸ்ட் இல்லை; அதில் பாதி அளவே வந்தால் இருக்கிறது. அளந்து முடித்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்தால் காயில் சும்மா வெந்துகொண்டிருக்கும்.

மறுமொழி: மேட்டுப்பாளையம்_ரோடு

அளந்தேன். காயில் 1.5 ஓம் காட்டுகிறது. சுவிட்ச் முனையில் 12 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆக, பலாஸ்ட் இல்லை. பாயிண்ட்டைத் திறந்து பார்த்தால் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாகக் கருகியிருக்கிறது. 3 ஓம் காயில் ஒன்றை மீட்டரில் அளந்து பார்த்தே வாங்கிப் பொருத்தினேன். அதே நெரிசலில், அதே வெயிலில் ஓட்டியும் வண்டி நிற்கவில்லை; காயில் சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் கை வைத்திருக்க முடிகிறது. எலக்ட்ரிக் பம்ப் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

பதில்: ஈரோடு_ஃபியட்

மகிழ்ச்சி. கருகிய பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்த்து ஓட்ட வேண்டாம்; பாயிண்ட்டையும் கண்டன்சரையும் சேர்த்தே மாற்றி, இடைவெளியை 0.45 மில்லிமீட்டர் அளவில் வைத்து, டைமிங்கை மறுபடியும் சரிபாருங்கள், ஏனெனில் இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும். சோலெக்ஸ்_பிரியன் சொன்ன ஹோஸ்களையும், எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து, இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள்.