ஞாயிறு பாடசாலைப் பொறுப்பை விட்டு விலகும் வேளையை எப்படி அறிவது?

கேள்வி: திருமலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு மெதடிஸ்த சபையின் ஞாயிறு பாடசாலையை நீண்ட காலமாகப் பொறுப்பேற்று நடத்தி வருகிறேன். போர்க்காலத்தில், ஊரடங்கு தளர்ந்த நேரங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்தபோது, கர்த்தர் என்னை அழைத்தது இதற்காகத்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை. இப்போது சனிக்கிழமை இரவு பாடம் ஆயத்தம் செய்ய உட்கார்ந்தால், பழைய கொப்பியைப் புரட்டி, முன்பு எழுதிய குறிப்பையே திரும்ப எடுத்துக்கொண்டு படுத்துவிடுகிறேன். ஒளிவிழா என்னும் நத்தார் கொண்டாட்டத்துக்கு நாடகம் பழக்கவேண்டிய காலம் நெருங்கினால் மனம் சலித்துப்போகிறது.

என் வகுப்பிலேயே வளர்ந்து, பல்கலைக்கழகப் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பிய பிள்ளை ஒருத்தி சபையில் இருக்கிறாள். நான் இல்லாத நாள்களில் அவள் எடுக்கும் வகுப்பு முடிந்த பின்னும் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மனமின்றி அவளைச் சுற்றியே நிற்பார்கள். ஆயினும் விலக நினைக்கும்போதெல்லாம் இரண்டு வசனங்கள் என்னை மறிக்கின்றன: கலப்பையில் கை வைத்துப் பின்னிட்டுப் பார்ப்பவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியற்றவன் என்னும் லூக்கா 9:62, தேவனுடைய அழைப்பு மாறாதது என்று கூறும் ரோமர் 11:29. போதாததற்கு, “நீங்கள் விட்டால் யார் செய்வது?” என்று சபையாரும் கேட்கிறார்கள். இது வெறும் களைப்பா, கர்த்தர் என்னை விடுவிக்கிறாரா என்பதை எப்படிப் பகுத்தறிவது?

பதில்: பாலையூற்றுவாசி

அக்கா, நான் கத்தோலிக்கன். எங்கள் மறைமாவட்டத்தில் பல தலைமுறைகளாகப் பணியாற்றிய இயேசு சபைக் குருக்கள் கற்றுத்தந்த ஒன்றைச் சொல்கிறேன். அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், மனம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்று விதித்தார். ஆகவே ஒளிவிழா நெருக்கடியின் நடுவிலோ, யாரோ ஒரு பெற்றோர் குறை சொன்ன அன்றிரவோ இதைத் தீர்மானிக்காதீர்கள். நன்றாக ஓய்ந்து, செபம் இனித்து, பிள்ளைகள்மேல் அன்பு பொங்கும் ஒரு நாளிலும் “இனி அவள் செய்யட்டும்” என்றே உங்களுக்குத் தோன்றினால், அந்த எண்ணத்தை நம்பலாம்.

இஞ்ஞாசியார் தம் அழைப்பு எருசலேமில் வாழ்வதே என்று உறுதியாக நம்பி 1523இல் அங்கே போய்ச் சேர்ந்தவர். புனித இடங்களுக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் தலைவர் அவரை அங்கே தங்கவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். ஊர் திரும்பிய அவர், முப்பது வயதைக் கடந்த நிலையில், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். இயேசு சபை அங்கீகாரம் பெற்றது 1540இல். எருசலேமை விட்டதால் அவர் அழைப்பை இழந்தார் என்று எவரும் சொல்வதில்லை.

பதில்: உவர்மலை ஓய்வாசிரியர்

தங்கச்சி, அந்த இரண்டு வசனங்களையும் முன்பின் சேர்த்து வாசித்துப் பாருங்கள். லூக்காவில் ஆண்டவர் பேசுவது, பின்பற்றி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, புறப்படுமுன்னே வீட்டாரிடம் விடைபெற்று வர அனுமதி கேட்ட ஒருவனிடம். உழுது முடித்து, கலப்பையை அடுத்தவர் கையில் கொடுக்க நிற்பவரிடம் அல்ல. ரோமர் பதினோராம் அதிகாரத்தில் பவுல் இஸ்ரவேல் மக்களைத் தேவன் கைவிடவில்லை என்று வாதிடுகிறார். சபையில் ஒருவர் வகிக்கும் பொறுப்பைப் பற்றிய பேச்சே அங்கில்லை. இவ்வசனங்களை எடுத்து ஊழியர்களைக் கட்டிவைக்கும் வழக்கம் நம் சபைகளில் மலிந்துவிட்டது என்பது என் கருத்து.

எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்த லேவியர் இருபத்தைந்து வயதில் பணிக்கு வந்து ஐம்பதில் அதை விடவேண்டும். அதன்பின் தங்கள் சகோதரருக்கு உதவியாக இருக்கலாம், பாரமான வேலை அவர்களுக்கு இல்லை. அது தண்டனையன்று, தகுதியிழப்புமன்று. நாம் ஆண்டின் தொடக்கத்தில் நடத்தும் உடன்படிக்கை ஆராதனையையும் நினைவூட்டுகிறேன். மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவனர் ஜோன் வெஸ்லி 1755இல் மெதடிஸ்தர்களிடையே தொடங்கிவைத்த அந்த வழிபாட்டின் ஜெபத்தில், உமக்காக என்னைப் பயன்படுத்தினாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்று நாம் ஒப்புக்கொடுக்கிறோம். முதற்பாதியைச் சொல்லும்போது நம் குரல் ஓங்கி ஒலிக்கிறது. இரண்டாம் பாதியை நம்மில் பலர் வாய்க்குள்ளேயே சொல்லிவிடுகிறோம்.

பதில்: மூதூர்க் கரை

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துச் சிற்றாலயங்களில் நிலைமை வேறு. பொறுப்பை ஏற்க ஒருவரும் இல்லாத இடத்தில், மன அமைதி கிடைத்துவிட்டது என்று சொல்லி விலகினால் பிள்ளைகள்தான் தெருவில் நிற்பார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் என்று மரணத்தைக் கேட்டபோது, தேவதூதன் அவனுக்குக் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். அவன் மீண்டும் தூங்கினான், மீண்டும் உண்டான். ஓரேப் மலைக்கு நடந்து போன பிறகுதான் தன் இடத்துக்கு எலிசாவை அபிஷேகம் பண்ணும்படி கட்டளை வந்தது. முதலில் ஓய்வு, பிறகு அடுத்த ஆள்: அந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அக்கா, உங்களுக்கு எலிசா கண்முன்னே இருக்கிறாள். “யார் செய்வது?” என்று கேட்கும் சபையார் அவளைப் பார்க்கவில்லை, அல்லது நாற்காலி அடுக்கும் வேலை தங்கள் தலையில் விழுமோ என்று அஞ்சுகிறார்கள். அவளுடைய விருப்பத்தை யாராவது கேட்டீர்களா?

திருமலை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. அவளிடம் இதுவரை கேட்கவில்லை. அவள் மறுத்துவிடுவாளோ என்பதைவிட, உடனே சம்மதித்துவிடுவாளோ என்ற தயக்கமே எனக்கு அதிகம் என்பதை இதை எழுதும்போதுதான் உணர்கிறேன். ஒளிவிழாவை இருவருமாக நடத்திவிட்டு, தை மாதத்தில் எங்கள் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான சேகர முகாமைக்குருவிடம் பேச எண்ணியிருக்கிறேன். ஆலோசகராக ஆசிரியர் கூட்டங்களில் தொடர்ந்து அமரலாமா?

உவர்மலை ஓய்வாசிரியர்

முதலாம் ஆண்டு அமரவேண்டாம். நீங்கள் அந்த அறையில் இருக்கும்வரை ஒவ்வொரு முடிவுக்கும் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். வரவுப் பதிவேட்டையும் அலுமாரித் திறப்பையும் சபைக்கு முன்பாகவே அவள் கையில் கொடுங்கள். குருவானவர் அவளுக்காக ஜெபிக்கட்டும். அவள் பாடத்தை மாற்றினால் மாற்றட்டும். நாடகத்துக்கு உடுப்புத் தைக்க ஆள் வேண்டும் என்று அவளே வந்து கேட்டால் தைத்துக் கொடுங்கள்.