சிறிய மென்பொருள் திட்டத்திற்கு பிரின்ஸ்2 முறை தேவையா?

மணலி_யார்டு:
வணக்கம். மணலியில் உள்ள ஒரு கன்டெய்னர் நிலையத்தில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். டிரெய்லர் கேட்டுக்குள் நுழைவது, பெட்டி யார்டில் எந்த வரிசையில் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது, கஸ்டம்ஸ் பரிசோதனை, டெலிவரி, பில் ஆகிய அனைத்தும் இப்போது பாதி ரிஜிஸ்டரிலும் பாதி எக்செலிலும் நடக்கின்றன. இவற்றுக்கு ஒரே மென்பொருளைச் செய்து தர வெளி நிறுவனம் ஒன்றை அமர்த்தியிருக்கிறோம். எங்கள் எம்.டி. பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறைப்படிதான் வேலை நடக்க வேண்டும் என்கிறார். வெண்டரோ, இரண்டு வாரத்திற்கு ஒரு ஸ்பிரின்ட், அதாவது குறுகிய வேலைச் சுற்று, என்று போனால் போதும், அந்த முறையின் ஆவணங்களை எழுதவே தனி ஆள் வைக்க வேண்டியிருக்கும் என்கிறார். எங்கள் பக்கம் இந்த வேலைக்கு மூன்று பேர்தான் இருக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?

ராயபுரத்தார்:
நீங்கள் இருவர் சொல்வதையும் கேட்கலாம், ஏனெனில் இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். ஸ்பிரின்ட் என்பது நிரலாளர்கள் தங்கள் வேலையை எப்படிப் பங்கிட்டுச் செய்வது என்பதைச் சொல்கிறது. பிரின்ஸ்2 அதற்குள் நுழைவதே இல்லை. பணம் போடுபவர் எப்போது, எதைப் பார்த்து, மேற்கொண்டு போகலாம் என்றோ நிறுத்தலாம் என்றோ முடிவெடுப்பார் என்பதே அதன் அக்கறை.

இந்த முறையில் காகிதம் மிகுதி என்ற பெயர் ஏன் வந்தது என்பதற்கு அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1975இல் உருவான பிராம்ப்ட்2 என்ற முறையை பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை தன் தகவல் தொழில்நுட்பத் திட்டங்களுக்காக எடுத்துக்கொண்டது. அதிலிருந்து 1989இல் பிரின்ஸ், 1996இல் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான பிரின்ஸ்2 வந்தன. பொதுப்பணத்திற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் வளர்ந்த முறை என்பதால் பதிவுகள் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அதன் ஏழு கோட்பாடுகளில் ஒன்றே, திட்டத்தின் அளவுக்கேற்ப முறையை வெட்டித் தைத்துக்கொள் என்பதுதான். அதை மறந்துவிட்டு எல்லாப் படிவங்களையும் நிரப்பச் சொல்பவர் பிரின்ஸ்2ஐப் பின்பற்றுகிறார் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்களுக்கு விட்டுவிடக் கூடாதவை சில உண்டு. திட்டத்திற்குப் பொறுப்பேற்கும் எக்ஸிக்யூட்டிவ் ஒரே ஒருவராக இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அது எம்.டி. அவருடன், பயன்படுத்துவோர் சார்பில் ஒருவரும் செய்து தருவோர் சார்பில் ஒருவரும் அமர்வார்கள். இந்த மூவரும் சேர்ந்ததுதான் திட்ட போர்டு. நம் பகுதி நிறுவனங்களில் பயன்படுத்துவோர் நாற்காலியைப் பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஏசி அறையில் எளிதாகக் கிடைப்பவர்கள் அவர்கள்தானே! உங்களுக்கு வேண்டியவர், இரவு இரண்டு மணிக்கு வந்து நிற்கும் டிரெய்லரை உள்ளே விடுபவருக்கு மேலதிகாரியான யார்டு மேனேஜர்.

அடுத்தது, வேலையைக் கட்டங்களாகப் பிரிப்பது. கேட் பதிவு ஒரு கட்டம், யார்டு இருப்பிடம் அடுத்தது, பில் அதற்கடுத்தது என்று வைத்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும், இந்தச் செலவுக்கு நாம் சொன்ன காரணம் இன்னும் செல்லுமா என்று எம்.டி. கேட்க வேண்டும். கட்டத்திற்குள் காலத்திலும் செலவிலும் இவ்வளவு மீறலாம் என்று முன்பே வரம்பு குறித்துக்கொண்டால், அதற்குள் நடப்பவற்றுக்காக நீங்கள் அவரிடம் ஓட வேண்டியதில்லை. வரம்பு தாண்டும் எனத் தெரிந்த உடனே, தாண்டும்வரை காத்திராமல், எழுத்தில் தெரிவித்தால் போதும்.

பெரம்பூர்_டெவலப்பர்:
ராயபுரத்தார் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனாலும் வெண்டர் பக்கத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. முறைப்படி என்றதும் நம் ஊரில் நடப்பது, எல்லாத் தேவைகளையும் முதல் மாதத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு எது கேட்டாலும் கூடுதல் கட்டணம் என்று சொல்வதுதான். ஒரு படியை முழுதாக முடித்த பிறகே அடுத்த படிக்குப் போகும் நீர்வீழ்ச்சி முறைக்கு மூலமாகக் காட்டப்படும் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, வின்ஸ்டன் ராய்ஸ் அந்த நேர்கோட்டு வரிசையை வரைந்துவிட்டு, இப்படியே செய்தால் தோல்விக்கு வழிவகுக்கும் என்றும் எழுதியிருந்தார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை.

கேட் ஊழியர் திரையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே தெரியவரும். எனவே காலத்தையும் செலவையும் இறுக்கிப் பிடித்து, எந்தெந்த வசதிகள் என்பதைத் தளர்வாக விடுங்கள். சிறு சிறு சுற்றுகளாக மென்பொருள் செய்யும் அஜைல் முறையோடு பிரின்ஸ்2ஐ இணைத்து 2015இல் வெளிவந்த பிரின்ஸ்2 அஜைல் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தேவை ஆவணம் கொடுத்தால் இத்தனை சதவீதம், வடிவமைப்பு ஆவணம் கொடுத்தால் இத்தனை சதவீதம் என்று பணம் பிரிக்கப்பட்டிருந்தால் ஆவணங்கள்தான் வேகமாக வரும்.

மணலி_யார்டு:
நன்றி. ஒப்பந்தத்தில் பணம் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாற்றச் சொல்லப் போகிறேன். ஆனால் ஒரு கட்டம் முடிந்துவிட்டது என்று எதை வைத்து ஒப்புக்கொள்வது? வெண்டர் டெமோ காட்டும்போது எல்லாம் சரியாகத்தானே ஓடுகிறது!

திருவொற்றியூர்_வாசி:
அதற்குத்தான் பிரின்ஸ்2இல் ஒவ்வொரு விளைபொருளுக்கும் ஒரு விவரக் குறிப்பு எழுதுகிறார்கள். வேலைப் பட்டியலுக்கு முன்பே, கையில் வந்து சேர வேண்டிய பொருள் என்ன, அது எப்படி இருந்தால் ஏற்போம், யார் சோதிப்பார், யார் ஒப்புதல் தருவார் என்பதை எழுதிவிடுவது. கேட் பதிவுக்கு ஒரு பக்கம் போதும்.

உதாரணமாக, கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்டது. கடைசி இலக்கம், அதற்கு முந்தைய நான்கு எழுத்துகளையும் ஆறு இலக்கங்களையும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்தால் மென்பொருள் அங்கேயே மறுக்க வேண்டும் என்பது ஓர் ஏற்பு நிபந்தனை. நெட்வொர்க் அறுந்தாலும் கேட்டில் பதிவு தொடர வேண்டும், இணைப்பு திரும்பியதும் அவை தாமாகச் சேர வேண்டும் என்பது இன்னொன்று. எண்ணூர் விரைவுச்சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, கேட்டில் ஒரு வண்டிக்குக் கூடும் ஒரு நிமிடம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு பதிவுக்கு எத்தனை விநாடி ஆகலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். சோதனை வெண்டரின் லேப்டாப்பில் நடக்கக் கூடாது. உங்கள் கேட்டில், உங்கள் ஆட்கள், ஒரு முழு ஷிஃப்ட் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கட்டங்களுக்குத் தேதி குறிக்கும்போது வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், கணக்கு முடிக்கும் மார்ச்சிலும் புதிய முறைக்கு மாறுவதைத் தவிருங்கள். இது இடர்ப் பதிவேட்டில் முதல் வரியாக இருக்க வேண்டியது. யார்டு இருப்பிடக் கட்டத்திற்கு முன் பெட்டிகளை நேரில் எண்ணிச் சரிபார்க்கும் வேலையையும் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய எக்செலை அப்படியே ஏற்றினால் அதிலுள்ள தவறுகளும் சேர்ந்தே ஏறும்.

மணலி_யார்டு:
யார்டு மேனேஜரிடம் பேசிவிட்டேன். வாரத்தில் ஒரு நாள் அவருடைய ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தால் போர்டில் அமர்வதாகச் சொல்கிறார். கேட் பதிவு ஓடத் தொடங்கிய பிறகும் ரிஜிஸ்டரில் சிறிது காலம் எழுதிவரலாமா?

ராயபுரத்தார்:
எழுதலாம், ஆனால் எந்தத் தேதியோடு ரிஜிஸ்டர் நிற்கும் என்பதையும், அதை நிறுத்தச் சொல்லும் கையெழுத்து யாருடையது என்பதையும் கட்டத் திட்டத்திலேயே குறித்துவிடுங்கள். அந்தக் கையெழுத்து யார்டு மேனேஜருடையதாக இருக்கட்டும்.