கருக்கலைப்பும் 'அவரவர் நியாயமும்': நீங்கள் சந்தித்தவர்கள் என்ன சொன்னார்கள்? மூன்று வாசகர்களின் பதில்கள்

உடன் வேலை பார்க்கும் ஒருவர் எதைப் பேசினாலும் "சரி, தப்பெல்லாம் அந்தந்தச் சமூகம் முடிவு பண்றதுதான்" என்பார். கருக்கலைப்புப் பேச்சிலும் அதே பல்லவி. நான் ருமேனியாவை எடுத்தேன். 1966-இல் சௌசெஸ்கு அரசு கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடை செய்தது. 1989 இறுதியில் ஆட்சி கவிழ்ந்த கையோடு தடையும் போனது. இடைப்பட்ட காலத்தில் திருட்டுத்தனமாகக் கலைக்கப்போய் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். "அங்கே அது சரிதானே?" என்றதும் மனிதர் கொதித்துவிட்டார். "அது சர்வாதிகாரி போட்ட சட்டம், சமூகம் சொன்னதா?"

நியாயமான மறுப்புதான். அப்புறம் அயர்லாந்துக்குப் போனோம். அங்கே 1983-இல் மக்களே வாக்களித்துக் கருவின் உயிருரிமையை அரசியலமைப்பில் சேர்த்தார்கள். 2018-இல் வாக்களித்து நீக்கினார்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு! அப்படியானால் 1983-இல் எதிர்த்தவர்கள் அன்றைக்குத் தப்பானவர்களா? "கொள்கைப்படி ஆமான்னு சொல்லணும், ஆனா வாய் வரலை" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

*

என் தோழி கருவைக் கலைத்தபோது, ஆறுதல் என்று நினைத்துப் பலரும் "உன் நியாயம் உனக்கு" என்றார்கள். அவளுக்கு அதுதான் எரிச்சல். "தப்புன்னு நினைச்சா வாதாடுங்க. எதுன்னாலும் ஓகேன்னா, நான் தூங்காம யோசிச்சதுக்கு என்ன மதிப்பு?" என்றாள்.

கருவுக்கு முழு உயிருரிமை உண்டென்றே வைத்துக்கொண்டாலும், இன்னொருவர் உடலைப் பயன்படுத்தும் உரிமை அதிலிருந்து வந்துவிடாது என்று 1971-இல் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன் வாதிட்டார். அது அவளுக்குத் தெம்பு கொடுத்தது. ஆனால், கொலை தப்பாவது ஒரு எதிர்காலத்தையே பறிப்பதால்தான், கருவுக்கும் அந்த எதிர்காலம் உண்டு என்ற இன்னொரு தத்துவவாதி டான் மார்க்விஸின் 1989 வாதத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டினாள். இன்றும் கட்டுகிறாள். (முடிவில் மாற்றமில்லை.)

*

சரி, தப்பு அவரவர் சமூகத்தைப் பொறுத்தது என்கிற சார்புவாதத்தை இவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். விடுதியில் என் அறைத்தோழிகளில் ஒருத்தி யூதர், இன்னொருத்தி கத்தோலிக்கர். பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் கருவை விட்டுத் தாயைக் காப்பாற்றுவது யூத மரபில் கடமை. அப்போதும் கருவை நேரடியாகக் கொல்லக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. இருவரும் உயிர் புனிதம் என்றுதான் ஆரம்பித்தார்கள்! யார் சரி என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. "ரெண்டு பேருமே சரி" என்று ஒருநாள் சமாதானம் பேசப்போய், இருவரிடமும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.