மணற்கல் சப்ளையரிடம் கொத்தடிமை வேலை தெரியவந்தால்: ஆர்டரை உடனே ரத்து செய்வதா, தொடர்வதா?

செம்பருத்தி:
தோட்டம் அமைத்துத் தரும் நிறுவனத்தின் கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு விதியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குவாரியில் கொத்தடிமை வேலை உறுதியானால் அன்றே ஆர்டர் ரத்து. நடைபாதைக்குப் போடும் இந்திய மணற்கல்லில் பெரும்பகுதி ராஜஸ்தானிலிருந்து வருகிறது. கோட்டா, பூந்தி வட்டாரத்தில் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது ஊரறிந்த சங்கதி. தெரிந்த பிறகும் வாங்கினால் நாமும் கூட்டாளிதான். பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்களிடம் ஆண்டறிக்கை மட்டும்தான் கேட்கிறது. ‘எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லும். ஆகவே பிடி இருப்பது நம் ஒப்பந்தத்தில்தான்.

உளிச்சத்தம்:
கடுமையாக மறுக்கிறேன். ஆர்டர் நின்றதும் முன்பணம் கொடுத்தவர் பணத்தைக் கேட்பார். குடும்பம் எங்கே போகும்? பக்கத்துக் குத்தகைக்காரர் அந்தக் கடனை அடைத்துவிட்டு ஆட்களைத் தன் குழிக்குக் கூட்டிப்போவார். கடன் அப்படியே இருக்கும், முதலாளி மட்டும் மாறுவார். கல்தூசியில் நுரையீரல் கெட்டு ஒருவர் படுத்துவிட்டால் அந்தக் கடன் மனைவி மேலும் மகன் மேலும் இறங்கும். நம் அறிக்கை சுத்தமாவதற்காக அவர்களைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளுவது எப்படி நியாயம்?

செம்பருத்தி:
கையுறையில் நடந்ததைப் பாருங்கள். உலகின் மிகப்பெரிய ரப்பர் கையுறை நிறுவனம் மலேசியாவில் இருக்கிறது. கட்டாய உழைப்புப் புகாரில் 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அதன் சரக்கை நிறுத்தியது. வெளிநாட்டுத் தொழிலாளிகள் ஊரில் கடன்பட்டுக் கட்டிய ஆட்சேர்ப்புக் கட்டணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. வாசலை அடைத்ததால்தான் பணம் திரும்பியது.

உளிச்சத்தம்:
அடைத்தது ஒரு நாட்டின் வாசல். தோட்ட நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு, மூன்று கண்டெய்னர் எடுக்கும். ஒன்றுக்குச் சுமார் 25 டன். அது நின்றால் ஏற்றுமதியாளர் வேறு ஆளுக்கு விற்றுவிட்டுப் போவார். ‘சரிசெய்தால் அடுத்த ஆர்டர் உண்டு’ என்பது மட்டும்தான் சின்ன நிறுவனத்தின் கையில் இருக்கிற பலம்.

கொள்முதல்மேசை:
இரண்டு பேரும் ‘தெரியவந்தால்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். தெரியவருவதே பெரும்பாடு. முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் தணிக்கையில் ஒன்றும் சிக்காது. 2012 செப்டம்பரில் கராச்சி ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்தான் அந்த ஆலைக்கு எஸ்ஏ8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

சான்றிதழைவிட எடைக் கணக்கு பேசும். ராஜஸ்தானில் குத்தகைக் குவாரியிலிருந்து போகும் லாரிக்கு ‘ரவன்னா’ என்ற அனுமதிச்சீட்டு உண்டு. குத்தகை எண், வண்டி எண், எடை எல்லாம் அதில் இருக்கும். நம் கண்டெய்னருக்கு உரிய ரவன்னாக்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள். அறுத்த கல் பலகையானால் அறுக்கும் ஆலைக்கு உள்ளே வந்த எடை வெளியே போன எடையைவிடக் கூடுதலாக இருந்தே ஆகவேண்டும், அறுப்பில் கழிவு போகும். இரண்டும் சமமாக இருந்தாலோ வந்தது குறைவாக இருந்தாலோ கணக்கில் வராத குழியின் கல் கலந்திருக்கிறது.

அடுத்தது கூலி நோட்டு. தேதி, எண்ணிக்கை, பற்று, மீதி என்று பத்திகள் இருக்கும். ‘மீதி’யில் விரலை வைத்துக் கீழே இறங்குங்கள். ஆள் வாரம் ஆறு நாள் வேலை செய்தும் மூன்று மாதமாக முன்பணம் குறையவில்லை என்றால் அது கடன் இல்லை, விலங்கு. ஆறு மாதக் கைநாட்டும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் நோட்டு நேற்று எழுதியது. ஒரு கல்லுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டை, ஒரு நாளில் முடித்த கல் எண்ணிக்கையால் பெருக்கிக் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிடுங்கள். ஒரு ஆளால் முடியாத எண்ணிக்கை ஒரே பெயரில் இருந்தால், பின்னால் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

வேர்முடிச்சு:
அப்படிப் பிடிபட்டால் அந்த முன்பணத்தை நாமே கட்டி ஆட்களை மீட்டுவிடலாமே? சில குடும்பங்களின் கடன் ஒரு கண்டெய்னர் லாபத்தில் அடங்கிவிடும்.

உளிச்சத்தம்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது, திருப்பிக் கட்டும் கடமையே கிடையாது. நாம் கட்டினால் குற்றவாளிக்குக் கூலி கொடுத்தது போல. அவர் அதே பணத்தில் புது ஆளுக்கு முன்பணம் கொடுப்பார். செலவழிப்பதானால் நிலுவைக் கூலியாகத் தொழிலாளியின் கையில் சேர வேண்டும்.

வரிசையும் முக்கியம். சப்ளையரிடம் வாயைத் திறக்கும் முன், அங்கே வேலை செய்யும் தொழிலாளர் அமைப்பு மூலம் மாவட்ட ஆட்சியருக்கோ துணைக்கோட்ட நிர்வாக நடுவருக்கோ மனு போக வேண்டும். முதலில் சப்ளையருக்கு மின்னஞ்சல் போட்டால் விசாரணை வருவதற்குள் குடிசைகள் காலியாகிவிடும். விடுதலைச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் மறுவாழ்வுத் தொகைக்கு வழி. அதன் பிறகு சப்ளையரிடம் பேசுங்கள்.

செம்பருத்தி:
இந்த வரிசை சரி, ஏற்கிறேன். விதியை மாற்றி எழுதுகிறேன்: புகார் போனதும் புது ஆர்டர் நிறுத்தம், ஏற்கெனவே போட்ட ஆர்டர் தொடரும், நிலுவைக் கூலி போய்ச் சேர்ந்ததற்கு வங்கிச் சான்று 60 நாளில் வர வேண்டும். ஆட்களை மிரட்டினாலோ நோட்டைத் திருத்தினாலோ அந்த நிமிடமே ரத்து. ஆனால் கையால் உடைக்கும் சதுரக் கல்லில் இறங்கிவர மாட்டேன். பூந்தியின் புத்புராவில் குவாரிக் கழிவுக் கல்லை வீட்டு வாசலில் சுத்தியலால் உடைக்கிறார்கள். வருகைப் பதிவேடு கிடையாது, பிள்ளைகள் கையிலும் சுத்தியல். அதை வாங்கவே கூடாது.

வேர்முடிச்சு:
கல்லையே பார்த்துக்கொண்டு நம் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவரை விட்டுவிடுகிறோம். ஏஜென்சி ஆட்களின் சம்பளப் பட்டியலை வங்கிக் கணக்கு எண்படி வரிசைப்படுத்துங்கள். இரண்டு பெயருக்கு ஒரே கணக்கு இருந்தால் சம்பளம் மேஸ்திரிக்குப் போகிறது. பாஸ்போர்ட் யார் கையில், இந்த வேலைக்கு வர யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்கள் மொழியிலேயே கேளுங்கள், மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது.

உளிச்சத்தம்:
செம்பருத்தி, சதுரக் கல்லை எல்லோரும் விட்டால் அந்த வாசலில் இருக்கும் பெண்களுக்கு வேறு கூலி இல்லை. வேலையை ஒரு பொதுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, பதிவேடும் நாள்கூலியும் வைத்து, தூசிக்குத் தண்ணீர் தெளித்தால் வாங்கலாம் என்பது என் பக்கம். அதற்கு விலையை ஏற்றிக் கொடுக்கவும் ஆர்டரை முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். இரண்டு வாரத்தில் கண்டெய்னர் வேண்டும் என்று நெருக்கினால் கொட்டகை ஓரமாய் நிற்கும், கல் மறுபடியும் வீட்டு வாசலுக்கே போகும்.